ஒப்புக்கொண்டவன் மறுத்துரைத்தால்...

"அவனே ஒத்துக்கொண்டு விட்டான், பிறகென்ன விசாரணை?"

இந்தச் சொல்லை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். திண்ணையில் கேட்டிருக்கிறோம், தேநீர்க்கடையில் கேட்டிருக்கிறோம், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் நின்று பேசும்போதும் கேட்டிருக்கிறோம். நாமே சொல்லியும் இருக்கிறோம். ஒருவன் தன் வாயால், "நான்தான் செய்தேன்" என்று கூறிவிட்டால் அத்தோடு விஷயம் தீர்ந்தது என்று இருந்து விடுகிறோம். அவனே சில நாள் கழித்து வந்து, "இல்லை, வேறு வழியின்றி அப்படிச் சொன்னேன், என் வழக்கை விசாரியுங்கள்" என்று கேட்டால் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கொலைக்காக வந்த கோபத்தைவிட, மறுப்புக்காக வரும் கோபம் சில வேளை பெரிதாகவும் இருக்கிறது!

இந்தக் கோபம் நியாயமானதுதானா? ஒப்புக்கொண்டு தண்டனை பெற்ற கொலையாளி பின்னர் மறுத்துரைத்தால், அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கடமை மக்களுக்கு உண்டா? அல்லது, கேட்பதே கொலையுண்டவருக்குச் செய்யும் துரோகமா?

வெறும் வாதமாகப் பேசினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டையே உலுக்கிய ஒரு வழக்கை முன்னால் வைத்துக்கொண்டு சிந்தித்துப் பார்ப்போம்.

மெம்பிஸ் நகரில்

1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் மாலை. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் மெம்பிஸ் நகரம். அங்கே குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்க வந்திருந்தார் மார்ட்டின் லூதர் கிங். கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியில் போராடி, நோபல் சமாதானப் பரிசும் பெற்றவர். லொரெய்ன் என்னும் விடுதியின் மாடி முகப்பில் நின்றிருந்தபோது, ஆறு மணியளவில் ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு அவரை வீழ்த்தியது. அப்போது அவருக்கு வயது 39. செய்தி பரவியதும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது.

விடுதிக்கு எதிரே இருந்த வாடகை இல்லம் ஒன்றில், அன்று பிற்பகல்தான் ஒருவன் பொய்ப் பெயரில் அறை எடுத்திருந்தான். கொலை நடந்த சற்று நேரத்தில் அருகிலிருந்த கடை வாசலில் ஒரு மூட்டை கிடந்தது. அதில் துப்பாக்கியும் தூரதர்சினியும் வேறு சில பொருள்களும் இருந்தன. அவற்றில் பதிந்திருந்த கைரேகைகள் ஜேம்ஸ் ஏர்ல் ரே என்பவனுடையவை. அவன் முந்திய ஆண்டு மிஸ்ஸூரி மாநிலச் சிறையிலிருந்து தப்பியவன். இரண்டு மாதங்களுக்குப் பின், 1968 ஜூன் 8-ஆம் நாள், கனடா நாட்டுப் பாஸ்போர்ட் ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொண்டு லண்டன் விமான நிலையத்தில் நின்றபோது பிடிபட்டான்.

வழக்கு விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் அவன் தன் முதல் வக்கீலை நீக்கிவிட்டு, பெர்ஸி ஃபோர்மன் என்ற பெயர்பெற்ற வக்கீலை அமர்த்திக்கொண்டான். அதனால் வழக்கு தள்ளிப்போயிற்று. கடைசியில் 1969 மார்ச் 10-ஆம் நாள் ரே கோர்ட்டில் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். அன்று அவனுடைய நாற்பத்தோராவது பிறந்த நாள். மரண தண்டனைக்குப் பதிலாக 99 ஆண்டுச் சிறை என்பது முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு. அந்நாட்டுச் சட்டம் இத்தகைய உடன்பாட்டை அனுமதிக்கிறது. எல்லாம் ஒரே நாளில், சில மணி நேரத்தில் முடிந்தது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஆதாரங்களை எதிர்த்து யாரும் வாதாடவில்லை.

ஆனால் அந்தக் கோர்ட்டிலேயே ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. இந்தக் கொலையின் பின்னால் சதி எதுவும் இல்லை என்று சொல்வோரின் கருத்தைத் தான் ஏற்கவில்லை என்று ரே எழுந்து கூறினான். நீதிபதி மறுபடியும் அவனைக் கேட்டார். ஒப்புதலில் மாற்றம் இல்லை என்று சொன்னான். தீர்ப்பு எழுதப்பட்டது.

மூன்றே நாளில்

மூன்று நாள் சென்றது. சிறையிலிருந்து ரே நீதிபதிக்குக் கடிதம் எழுதினான். தன் ஒப்புதலைத் திரும்பப் பெற விரும்புவதாகவும், தனக்குப் புதிய விசாரணை வேண்டும் என்றும் கேட்டான். மின்சார நாற்காலியைக் காட்டி வக்கீல் தன்னை நெருக்கினார் என்பது அவன் வாதம்.

அந்த நீதிபதி மார்ச் 31-ஆம் நாள் தம் அறையிலேயே மாரடைப்பால் இறந்து போனார். அவருக்குப் பின் வந்த நீதிபதி, அதே ஆண்டு மே மாதத்தில் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் புதிய விசாரணை கேட்கும் உரிமையை அப்போதே விட்டுக்கொடுத்து விட்டான் என்பது கோர்ட்டின் நிலை.

ரே விடவில்லை. கோர்ட்டுக்கு மேல் கோர்ட்டாக ஏறினான். தன் வக்கீல்களின் பண விவகாரத்தையும் எடுத்துச் சொன்னான். அது வெறும் கற்பனையன்று. அவன் கதையை வாங்கி வெளியிட ஓர் எழுத்தாளர் ஒப்பந்தம் செய்திருந்தார். அந்தப் பணத்தில் வக்கீல்களுக்குப் பங்கு இருந்தது. ஒப்புதலுக்கு முந்திய நாள் ஃபோர்மன் எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. 500 டாலர் முன்பணம் தருவதாகவும், மறுநாள் கோர்ட்டில் குழப்பம் எதுவும் செய்யாமல் குற்ற ஒப்புதல் நிறைவேறினால்தான் அது செல்லும் என்றும் அதில் கண்டிருந்தது. இதைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு சற்று உறுத்தத்தான் செய்யும்.

1974-இல் மேல் கோர்ட் ஒன்றின் உத்தரவுப்படி இந்தப் புகார்களை விசாரித்தார்கள். ஒப்புதல் அவன் அறிந்து, தானே முன்வந்து தந்ததுதான் என்று 1975-இல் முடிவாயிற்று. 1976-இல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 1977 ஜூனில் ரே வேறு சில கைதிகளோடு சிறைச் சுவரேறித் தப்பினான். மூன்றாம் நாள் மலைக்காட்டில் பிடிபட்டான். "குற்றமற்றவன் ஏன் ஓடுகிறான்?" என்று ஊர் கேட்டது. 1979-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் விசாரணைக் குழு, சுட்டவன் ரேதான் என்றும், அவன் பின்னால் வேறு சிலரும் இருந்திருக்கக் கூடும் என்றும் அறிக்கை தந்தது.

1998 ஏப்ரல் 23-ஆம் நாள், ஈரல் நோயால், தன் எழுபதாவது வயதில் ரே இறந்தான். கேட்ட விசாரணை கடைசி வரை அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஊர் சொன்னது

இந்த முப்பது ஆண்டுகளில் மக்கள் என்ன சொன்னார்கள்?

ஒரு சாரார், "மரண தண்டனையிலிருந்து தப்ப ஒப்புக்கொண்டான், தப்பிய பிறகு மறுக்கிறான். இவன் பேச்சை யார் நம்புவது?" என்றார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பேரத்தில் தன் பங்கைப் பெற்றுக்கொண்டு, பிறகு தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்பவனை எந்தச் சந்தையும் மதிக்காது.

இன்னொரு சாரார், "இவன் கைப்பொம்மை, பின்னால் பெரிய கைகள் இருக்கின்றன" என்றார்கள். கறுப்பின மக்களிடையே இந்த எண்ணம் வலுவாக இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. அந்நாட்டு உளவுத்துறை கிங்கின் டெலிபோனை ஒட்டுக் கேட்டது. அவரை இழிவுபடுத்த மொட்டைக் கடிதமும் அனுப்பியது. இவை 1970-களில் செனட் சபை நடத்திய விசாரணையில் வெட்ட வெளிச்சமாயின. உயிரோடு இருந்தபோது அவரைப் பின்தொடர்ந்து வேவு பார்த்தவர்களே, அவர் இறந்த பின் கொலையாளியைத் தேடியவர்களும்! மக்களுக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பென்ன?

மூன்றாவது சாரார்தான் பெரும்பாலோர். அவர்கள், "எல்லாம் முடிந்துவிட்டது. பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்றார்கள்.

முதல் இரு சாராரும் உண்மையைப் பற்றியாவது கவலைப்பட்டார்கள். இந்த மூன்றாம் சாரார் கவலைப்பட்டது தங்கள் நிம்மதியைப் பற்றி. நம்மில் பலரும் சேர்ந்திருப்பது இந்தக் கூட்டத்தில்தான்.

ஒப்புதல் எங்கிருந்து வருகிறது?

செய்தவன்தான் ஒப்புக்கொள்வான், செய்யாதவன் ஒருபோதும் ஒப்புக்கொள்ளான் என்று நினைக்கிறோம். நம் முன்னோர்கள் அப்படி நினைக்கவில்லை.

ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் காலத்தில் நடந்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இதை எடுத்து எழுதியிருக்கிறார்கள். பாழடைந்த ஓரிடத்தில் ஒருவன் இரத்தம் தோய்ந்த கத்தியோடு நிற்கிறான். அவன் காலடியில் ஒரு பிணம். காவலர் பிடித்து வருகிறார்கள். "நான்தான் கொன்றேன்" என்கிறான். தண்டனை விதிக்கப்படுகிறது. அந்த வேளையில் வேறொருவன் ஓடி வந்து, "அவனை விடுங்கள், கொன்றவன் நான்!" என்று கதறுகிறான்.

முதலாமவனை அழைத்து, "நீ ஏன் ஒப்புக்கொண்டாய்?" என்று அலீ (ரலி) கேட்கிறார்கள். அவன் ஒரு கசாப்புக்காரன். மாட்டை அறுத்துவிட்டு, கையில் கத்தியோடு சிறுநீர் கழிக்க அங்கே ஒதுங்கினான், பிணத்தைக் கண்டு திகைத்து நின்றான், அதற்குள் பிடிபட்டுவிட்டான். "இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தவர்கள் நான் சொல்வதையா நம்பப் போகிறார்கள் என்று எண்ணினேன்" என்று அவன் விளக்கம் கூறினான். இரண்டாமவன் விஷயத்தில் ஹழ்ரத் ஹஸன் (ரலி) அவர்களிடம் யோசனை கேட்கப்பட்டது. அவன் ஓர் உயிரைப் போக்கியிருந்தாலும், உண்மையைச் சொல்லி ஓர் உயிரைக் காத்திருக்கிறான் என்று அவர்கள் கூறினார்கள். இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். இறந்தவருக்கான ஈட்டுத்தொகை பைத்துல்மாலிலிருந்து வழங்கப்பட்டது.

அந்தக் கசாப்புக்காரனை யாரும் அடிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. "யாரும் நம்பமாட்டார்கள்" என்ற எண்ணமே அவன் வாயிலிருந்து பொய்யான ஒப்புதலை வரவழைத்தது. ஊராரின் முகத்தைப் பார்த்தே அவன் ஒப்புக்கொண்டான்! அப்படியானால் அந்த ஒப்புதலில் ஊராருக்கும் பங்கு உண்டல்லவா?

பட்டினி போட்டும், பயமுறுத்தியும், கட்டிவைத்தும் வாங்கும் வாக்குமூலத்தில் மனிதன் தன் வசத்தில் இருப்பதில்லை என்ற கருத்தை உமர் (ரலி) அவர்களும் கூறியதாக அறிவிக்கப்பட்டுள்ளது. கட்டாயத்தின் பேரில் வந்த ஒப்புதல் செல்லாது என்பது நம் சட்ட மேதைகளின் தீர்ப்பு.

ரேயும் அந்தக் கசாப்புக்காரனும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கசாப்புக்காரனின் கத்திக்குக் காரணம் இருந்தது. ரேயின் துப்பாக்கிக்கு அவன் சொன்ன காரணம், ராவுல் என்று ஒருவன் தன்னை ஏவி வாங்கச் செய்தான் என்பது. அந்த ராவுலைக் கடைசி வரை யாரும் கண்டதாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் இந்த வேற்றுமை எப்படித் தெரிகிறது? விசாரித்துப் பார்த்ததால் தெரிகிறது. விசாரிப்பதற்கு முன் இருவருடைய நிலையும் ஒன்றுதான்!

ஷரீஅத் காட்டும் பாகுபாடு

மாஇஸ் (ரலி) அவர்களின் வரலாறு நம் வீடுகளில் அனைவரும் அறிந்ததே. விபசாரம் செய்துவிட்டதாகத் தாமே வந்து ஒப்புக்கொண்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். அவர் மறுபடியும் மறுபடியும் வந்து சொன்னார். அப்போதும் உடனே தீர்ப்பளிக்கவில்லை. இவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். மது அருந்தியிருக்கிறாரா என்று பார்க்கச் செய்தார்கள். தண்டனை நிறைவேறும்போது வலி தாங்காமல் அவர் ஓடினார். மக்கள் துரத்திப் பிடித்தார்கள். இதைக் கேள்வியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், அவரை விட்டிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள்.

அல்லாஹ்வுக்குரிய ஹத்துத் தண்டனைகளில், ஒப்புக்கொண்டவன் பின்வாங்கினால் அதை ஏற்க வேண்டும் என்று ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள்.

ஆனால் இங்கே நாம் நின்று நிதானிக்க வேண்டும். "அப்படியானால் கொலையை ஒப்புக்கொண்டவன் மறுத்தாலும் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. கொலை, மனித உரிமை சம்பந்தப்பட்டது. கொலையுண்டவரின் வாரிசுகளுக்கு அதில் உரிமை இருக்கிறது. ஆகவே, சுய அறிவோடும் சுதந்திரத்தோடும் கொலையை ஒப்புக்கொண்டவன் பிறகு மறுத்தால், அந்த வெறும் மறுப்பால் ஒப்புதல் ரத்தாகி விடாது. இவன் ஒரு வார்த்தையில் தந்ததை மறு வார்த்தையில் பிடுங்கிக் கொண்டால், அந்த வாரிசுகளின் உரிமை என்னாவது?

ஆகவே கொலைக் குற்றவாளி மறுத்தவுடன் நம்பிவிடு என்று ஷரீஅத் சொல்லவில்லை. அவன் ஒப்புதல் உண்மையிலேயே சுதந்திரமாக வந்ததுதானா என்பதைத் தீர விசாரி என்றுதான் சொல்கிறது. அமெரிக்கக் கோர்ட்டுகள் 1974-க்குப் பிறகு கேட்டதும் இந்தக் கேள்வியைத்தான். அந்த அளவில் அவை தம் கடமையைச் செய்தன என்றே கூறவேண்டும்.

வாரிசுகளே வந்து நின்றபோது

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது.

1997 பிப்ரவரியில், கிங்கின் மனைவி கொரெட்டா அம்மையாரும் அவர் மகன் டெக்ஸ்டரும் மெம்பிஸ் கோர்ட்டுக்கு வந்து, ரேக்கு விசாரணை வேண்டும் என்று சாட்சி சொன்னார்கள். அடுத்த மாதம் 27-ஆம் நாள் டெக்ஸ்டர் சிறை மருத்துவமனைக்குச் சென்றார். தந்தை கொல்லப்பட்டபோது அவர் ஏழு வயதுச் சிறுவன். நோயில் மெலிந்து கிடந்த ரேயின் முன்னால் உட்கார்ந்து, "என் தந்தையை நீர் கொன்றீரா?" என்று நேராகவே கேட்டார். இல்லை என்றான் ரே. உம்மை நானும் என் குடும்பத்தாரும் நம்புகிறோம் என்று டெக்ஸ்டர் கூறினார். இருவரும் கைகுலுக்கிக் கொண்டார்கள்.

நாடு திடுக்கிட்டது. பத்திரிகைகள் பல கிங் குடும்பத்தைக் கடிந்து எழுதின. ரேயின் வக்கீல் பேச்சில் மயங்கி ஏமாந்துவிட்டார்கள் என்று கிங்கின் பழைய நண்பர்களில் சிலரும் வருந்தினார்கள். வேறு சிலர் குடும்பத்தோடு நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லாஸன் என்னும் பாதிரியார். 1968-இல் கிங்கை மெம்பிஸுக்கு அழைத்தவரே அவர்தான். அவர் சிறைக்குச் சென்று ரேயைச் சந்தித்தார். 1978-இல் சிறையில் நடந்த ரேயின் திருமணத்தையும் நடத்தி வைத்தார்!

இங்கேதான் நம் மனச்சாட்சி விழித்துக்கொள்ள வேண்டும். கொலையாளியின் மறுப்பை ஏற்காததற்கு நாம் கூறும் பெரிய காரணம் என்ன? "கொலையுண்டவரின் குடும்பத்தார் மனம் புண்படுமே!" என்பதுதானே? அந்தக் குடும்பத்தாரே வந்து, "கேளுங்கள், எங்களுக்காகவாவது கேளுங்கள்" என்று சொன்னபோது, ஊர் என்ன செய்தது? குடும்பத்தாரையே ஏசியது! அப்படியானால் இத்தனை காலமும் "குடும்பத்தார், குடும்பத்தார்" என்று நாம் சொன்னது அவர்களுக்காகத்தானா? அல்லது நம் கோபத்துக்கு அவர்கள் பெயரைக் கடன் வாங்கிக் கொண்டோமா?

கொலையுண்டவரின் பொறுப்பாளருக்கு நாம் அதிகாரம் அளித்திருக்கிறோம், அவர் வரம்பு மீறக் கூடாது என்பது பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறும் கட்டளையின் கருத்து. அதிகாரம் வாரிசுக்கு. வரம்பும் வாரிசுக்கு உண்டு. ஆனால் ஊராராகிய நமக்கோ அதிகாரமே இல்லை. வரம்பு மீறுவதில் மட்டும் நாம்தான் முன்னணியில் நிற்கிறோம்!

மறுபக்கத்தின் தவறு

இதைப் படிக்கும் சகோதரர் ஒருவர், "அப்படியானால் கிங் குடும்பத்தார் சொன்னதுதான் உண்மையா?" என்று கேட்கலாம். அதுவும் அவசர முடிவே.

துக்கம் மரியாதைக்குரியது. ஆனால் துக்கம் சாட்சியாகாது. ரே இறந்த பின், 1999-இல் கிங் குடும்பத்தார் ஜோவர்ஸ் என்ற உணவு விடுதிக்காரர் மீது மெம்பிஸில் சிவில் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கொலைச் சதியில் தமக்குப் பங்குண்டு என்று அவர் முன்னரே கூறியிருந்தார். குடும்பத்தார் கேட்ட நஷ்டஈடு வெறும் 100 டாலர். பணம் அவர்கள் நோக்கமன்று. உண்மை வெளிவர வேண்டும் என்பதே நோக்கம். டிசம்பர் 8-ஆம் நாள், இவரும் வேறு பலரும் அரசாங்கத் துறைகளும் சதியில் பங்கு கொண்டதாக ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள்.

ஆனால் அந்த வழக்கில் எதிர்த் தரப்பு பெரும்பாலும் வாதி சொன்னதை மறுத்து வாதாடவே இல்லை. 1969-இல் நடந்தது ஒரு பக்கம் பேசிய விசாரணை. 1999-இல் நடந்ததும் ஏறக்குறைய ஒரு பக்கம் பேசிய விசாரணைதான்! அடுத்த ஆண்டு, 2000 ஜூனில், நீதித் துறை ஆராய்ந்து, ஜோவர்ஸின் கூற்றுகளுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. 2025-இல் இந்தக் கொலை சம்பந்தமான இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அரசாங்கக் கோப்புகள் வெளியிடப்பட்டன. ஆனாலும் வாதம் ஓயவில்லை.

மறுதரப்பாரின் பேச்சையும் கேட்காமல் தீர்ப்புக் கூறாதீர் என்பது அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் தந்த அறிவுரை. இந்த ஒரு விதியைக் கைவிட்டதால், ஒரு வல்லரசு முப்பது ஆண்டு அலைந்தது. அன்று முழு விசாரணை நடந்திருந்தால் சில வாரங்கள் ஆகியிருக்கும், செலவு ஆகியிருக்கும், மீண்டும் கலவரம் வரலாம் என்ற அச்சமும் இருந்திருக்கும். ஆனால் துப்பாக்கி, கைரேகை, சாட்சிகள் எல்லாம் பகிரங்கமாகப் பரிசோதிக்கப்பட்டிருக்கும். ரே குற்றவாளியானால் அது சந்தேகமற நிரூபணமாகியிருக்கும். அவன் பின்னால் யாராவது இருந்திருந்தால் அதுவும் வெளிவர வழி பிறந்திருக்கும். சீக்கிரம் முடிக்க நினைத்த காரியம் முடியாத காரியமாயிற்று!

கையில் கிடைத்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், துப்பாக்கியை இயக்கியவன் ரேதான் என்ற முடிவே வலுவாக நிற்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குற்றவாளியாகவே இருந்தாலும், அவன் கேட்டபோது கேட்டிருக்க வேண்டும். கேட்பது வேறு, நம்புவது வேறு. கேட்பது நம் கடமை. நம்புவது ஆதாரத்தைப் பொறுத்தது. கேட்டால் நம்பிவிடுவோமோ என்று பயந்து காதைப் பொத்திக்கொள்பவர், தம் முடிவில் தமக்கே உறுதி இல்லை என்பதைத்தான் காட்டிக்கொள்கிறார்.

ஒரு சமுதாயத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது மாயிதா அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்கு இடும் கட்டளையின் கருத்து. நல்லவர் மீது வெறுப்பு வந்தால் நீதியைப் பேணு என்று மட்டும் அது சொல்லவில்லை. வெறுப்புக்குத் தகுந்த காரணம் இருக்கும்போதும் பேணு என்கிறது. வெறுக்கத் தக்கவன் விஷயத்தில்தானே நம் நீதி பரீட்சிக்கப்படுகிறது? நேசிப்பவனுக்கு நீதி செய்வதில் சிரமம் என்ன இருக்கிறது?

நம் வீட்டுக்குள்ளே

அன்புள்ள தாய்மார்களே! சகோதரர்களே! மெம்பிஸ் கோர்ட் நமக்கு வெகு தூரம். ஆனால் இதே வழக்கு நம் வீட்டில் நடப்பதில்லையா?

அலமாரியில் வைத்த பணம் காணோம். வேலைக்கு வரும் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்துகிறோம். "ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் போலீஸ்தான்" என்கிறோம். அவள் அழுகிறாள், கடைசியில் தலையை ஆட்டுகிறாள். மறுநாள் அவள் தாய் வந்து, "பயந்து போய்ச் சொல்லிவிட்டாளம்மா, அவள் எடுக்கவில்லை" என்றால், "நேற்று அவளே ஒத்துக்கொண்டாளே!" என்று கதவைச் சாத்துகிறோம். பெர்ஸி ஃபோர்மனின் பேரத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

பிள்ளை கண்ணாடியை உடைத்துவிட்டான் என்று வாப்பா பிரம்பை எடுக்கிறார். "சொன்னால் அடிக்கமாட்டேன்." பிள்ளை, "நான்தான் வாப்பா" என்கிறான். உடைத்தவன் தம்பி என்று இரவில் தாயின் மடியில் படுத்துக்கொண்டு சொல்கிறான். அப்போது அந்தத் தாய், "பொய் சொல்லாதே, நீதான் அப்போதே ஒத்துக்கொண்டாயே" என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பிறகு உண்மை பேசுவதில் என்ன நம்பிக்கை இருக்கும்?

ஆகவே மூன்று காரியங்களைப் பழகிக்கொள்வோம். ஒப்புதலை வாங்கும்போது, பயமோ ஆசையோ காட்டி வாங்காதிருப்போம். ஒப்புக்கொண்டவர் மறுத்தால், கோபப்படுவதற்கு முன், "அன்று ஏன் ஒப்புக்கொண்டாய்?" என்ற அலீ (ரலி) அவர்களின் கேள்வியைக் கேட்போம். அவர் சொல்லும் விடையை அப்படியே விழுங்கிவிடாமல், ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எங்கோ நடந்த கொலையைப் பற்றித் திண்ணையில் பேசும்போது நாவுக்கு ஒரு கடிவாளம் போடுவோம். மாஇஸ் (ரலி) அவர்கள் இறந்த பின்னும் ஊர் இரண்டு பட்டது. அவர் அழிந்தார் என்றார்கள் சிலர். அவர் தவ்பாவைவிடச் சிறந்த தவ்பா இல்லை என்றார்கள் சிலர். அவரை இழித்துப் பேசிய இருவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது ஹதீஸ் படித்தவர்களுக்குத் தெரியும். குற்றவாளி தன் குற்றத்துக்குக் கணக்குக் கொடுப்பான். நாமோ நம் பேச்சுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

அந்த மஹ்ஷர் வெளியில் பேரம் கிடையாது, அப்பீல் கிடையாது. அங்கே பயத்தால் தந்த ஒப்புதலும் செல்லாது. பிழைக்கச் சொன்ன மறுப்பும் செல்லாது. மெம்பிஸ் மாடி முகப்பில் சுட்டது யார், சுடச் சொன்னது யார் என்பதெல்லாம் அன்று ஐயமின்றி வெளிப்படும். அதுவரை, நீதியில் நமக்கு விட்டுவைக்கப்பட்டிருக்கும் பங்கு மிகச் சிறியது. காது கொடுத்துக் கேட்பதும், தெரியாததைத் தெரிந்ததாகப் பேசாதிருப்பதுமே அது.

அந்தச் சிறிய பங்கையாவது செவ்வனே நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.